தழும்பு இல்லை என்கிறாய்

தினேஷ்,

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். இதை உனக்குத் தனியாக அனுப்பப்போவதில்லை. நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குழுவிலேயே போடப்போகிறேன். போன வாரம் அதே குழுவில்தான் நீ உன் மனைவியின் படத்தைப் போட்டாய். சுபா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில், ரோஸ் நிறப் புடவையில், பிள்ளைகளோடு நின்று எடுத்த படம். அதன் கீழே, "முகத்தப் பாருங்க. ஒரு தழும்பு இருக்கா? தாடைய உடைச்சிட்டேன்னு என் மேல கேஸ் போட்டிருக்கா. நீங்களே சொல்லுங்க" என்று எழுதினாய். தூத்துக்குடியிலிருந்து சிங்கப்பூர் வரை இருக்கிற அத்தனை பேரும் பார்த்தார்கள். சிலர் உனக்காகக் கும்பிடு போட்டார்கள். உண்மை ஒரு நாள் வெளியே வரும் என்றார்கள் சிலர். உன் பெரிய மாமா, பொம்பளைங்களுக்குச் சட்டம் ரொம்ப இடம் குடுத்துருச்சு என்று ஒரு வரி சேர்த்தார். அப்போது நான் கடையில் இருந்தேன். ஒரு பெண் மாம்பழ நிறப் புடவையை விரித்துப் போட்டு அதற்கு மேட்சிங் பிளவுஸ் துணி கேட்டுக்கொண்டிருந்தாள். தி. நகரில் நிறம் பார்த்தே வயிறு வளர்த்தவள் நான், அவளுக்குக் கிளிப்பச்சையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டேன். "என்னக்கா இது?" என்று அவள் கேட்ட பிறகுதான் என் கையில் இருந்ததைப் பார்த்தேன். உண்மை வெளியே வரவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் இருக்கிற இடத்திலேயே அதைச் சொல்லிவிடலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவை அவள் தன் பக்கம் இழுத்துவிட்டாள் என்பாய். எனக்கு சுபாவை அவ்வளவாகப் பிடிக்காது. இது உனக்கும் தெரியும், இந்தக் குழுவில் பாதிப் பேருக்கும் தெரியும். வகுப்பில் பேசுகிற குரலிலேயே வீட்டிலும் பேசுவாள். நான் ஊரிலிருந்து வரவழைத்த மசாலாப் பொடியைத் திறந்து மோந்துவிட்டு, "அத்தை, இது போயிடுச்சு" என்று என் கண் முன்னாலேயே குப்பையில் கொட்டுவாள். நான் ஒரு கதை சொன்னால் நடுவில் திருத்துவாள். அவளுக்கும் என்னைப் பிடிக்காது. அதை மறைக்கக்கூட அவளுக்குத் தெரியாது. கலியாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகியவர்கள், அவ்வளவுதான். ஆகவே பாசத்தில் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் கண்ணால் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உன் தங்கை நித்யாவை நிச்சயம் செய்திருக்கிற வீட்டார் மந்தைவெளியிலிருந்து நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா மூன்று பேர்தான். சாப்பாடு முடிந்து பாயசம் குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தபோது, சுபா தன்னைப் பெண் பார்க்க நீ வந்த கதையைச் சொன்னாள். புதுச் சட்டையின் விலைச்சீட்டை எடுக்காமல் அப்படியே போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாய் என்றும், காலருக்குப் பின்னால் அது ஆடிக்கொண்டே இருந்தது என்றும் சொன்னாள். "துணிக்கடைக்காரங்க வீட்டுப் பிள்ளை, வேணும்னா வாங்கிக்கோங்கன்னு வெலையோட வந்திருக்காருன்னு எங்கப்பா சொன்னாரு" என்றாள். சம்பந்தியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். நீயும் சிரித்தாய், தினேஷ். பல் தெரியச் சிரித்தாய்.

அவர்களை வழியனுப்ப நித்யா கீழே போனாள். சுபா மேசையிலிருந்து டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நீ கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, "என்ன, என்னை வெச்சு ஜோக் அடிக்கிறியா?" என்றாய்.

"ஐயோ, எல்லாரும்தான சிரிச்சாங்க. நீங்களும்தான சிரிச்சீங்க" என்றாள் அவள். அவள் குரலில் இன்னும் அந்தச் சிரிப்பு மிச்சம் இருந்தது. 

"நான் ஏன் சிரிச்சேன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டாய். பதில் சொல்ல நீ இடம் கொடுக்கவில்லை. அது அறை இல்லை. விரல்களை மடக்கியிருந்தாய். உன் வலது கை அவள் இடது தாடையில் இறங்கியது. டம்ளர்கள் விழுந்த சத்தத்துக்கு முன்னால் வேறொரு சத்தம் கேட்டது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. வாயை மூட முயன்றாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அத்தை, பல்லு சேரல" என்றாள். நீ, "சும்மா நடிக்காத" என்றாய்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவில் நீ முன்னால் குனிந்து என் காதருகே, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிக்கலாம்மா" என்றாய். "யாரு சொல்லப்போறா?" என்று கேட்டேன். "நித்யா கல்யாணம் இருக்குல்ல" என்றாய். உன் தங்கையை நீ கேடயமாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. இடையில் உட்கார்ந்திருந்த சுபா தன் தாடையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவள் கண்ணை இறுக மூடினாள். நீ ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொன்னாய். எவ்வளவு அக்கறையான கணவன் என்று அவர் நினைத்திருப்பார். கடைக்கு வருகிறவர்களும் உன்னைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறார்கள். உன் பேச்சில் அப்படி ஒரு இதம் உண்டு. இந்தக் குழுவில் உனக்குக் கும்பிடு போட்டவர்கள் அந்த இதத்தைத்தான் அறிவார்கள்.

அடையாறில் நாம் போன அந்த ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த இளம் டாக்டரிடம் நீ குளியலறைக் கதையை ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னாய். ஈரத்தரை, புது செருப்பு, எல்லாம் இருந்தது அதில். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு முகம், தாடை எலும்புகளுக்கென்றே இருக்கிற சர்ஜன் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. நம்மை வெளியே உட்காரவைத்துவிட்டு சுபாவிடம் தனியாகப் பேசினார். கொஞ்ச நேரம் கழித்து நம்மை உள்ளே கூப்பிட்டார். திரையில் அவள் மண்டையோடு இருந்தது. வலது காதுக்குக் கீழே இருந்த முறிவை விரலால் தொட்டுக் காட்டினார். "உக்காருங்கம்மா" என்றார். பிறகு உன்னிடம், "எப்படி விழுந்தாங்க?" என்று கேட்டார். நீ மறுபடி ஈரத்தரையிலிருந்து தொடங்கினாய். அவர் முழுக்கக் கேட்டார். "முகம் குப்புற விழுந்தா பெரும்பாலும் தாடையோட நுனி தரையில மோதும். அங்க தோல் கிழிஞ்சிருக்கும், இல்லாட்டி சிராய்ச்சிருக்கும். இவங்களுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. இடது பக்கம்தான் கன்னிப்போய் வீங்கியிருக்கு" என்றார்.

அப்போது நீ செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. சட்டென்று கதையை மாற்றினாய். "லேசா தட்டினேன் டாக்டர், கோவத்துல. ஆனா நான் தட்டினது இடது பக்கம். உடைஞ்சிருக்கறது வலது பக்கம்னு நீங்களே காட்டறீங்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாய். பெரிய வக்கீல் மாதிரி விரலை நீட்டித் திரையைக் காட்டினாய். அவர் கோபப்படவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் தாடை மாதிரி வளைத்துக் காட்டினார். கீழ்த்தாடை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை வளைந்து போகிற ஒரே எலும்பு. ஒரு பக்கம் பலமாக அடி விழுந்தால் அந்த விசை வளைவு வழியாகப் போய் மறுபக்கம் காதுக்குக் கீழே, எலும்பு மெலிந்து கழுத்து மாதிரி இருக்கிற இடத்தில் முறிக்கும். அவர் இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறார். "லேசா தட்டினா அங்க உடையாது சார்" என்றார்.

நான், "தட்டல டாக்டர். கைய மடக்கிக் குத்துனான். நான் அங்கதான் நின்னேன், பாத்தேன்" என்றேன். "அம்மா!" என்றாய் நீ. சின்ன வயதில் கடையில் யார் முன்னாலாவது நான் உன்னைக் கண்டித்தால் கூப்பிடுகிற அதே குரல். டாக்டர் எழுதிக்கொண்டார். விதிப்படி போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்றார். சுபா வாக்குமூலம் கொடுத்தாள். அதற்கு முன் இரண்டு முறை நீ அவளைச் சுவரில் தள்ளியதையும் அதில் சொன்னாள். நானும் கொடுத்தேன். நான் பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டேன் என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு அலைகிறாயாமே. நன்றாகச் சொல். போட்டேன்.

சிகிச்சையைப் பற்றி டாக்டர் பேசியதும் உனக்கு நினைவிருக்கும். பற்களை மேலும் கீழும் கம்பியால் கட்டி, வாயைத் திறக்காமல் பல வாரம் வைத்திருந்து எலும்பைத் தானாகச் சேரவிடுவது ஒரு வழி. சுபாவுக்கு எலும்பு நகர்ந்துபோய் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்ததால் அப்படிச் சேர்ந்தாலும் கோணலாகச் சேரலாம் என்றார். காதுக்கு முன்னாலோ தாடைக்குக் கீழேயோ தோலை வெட்டித் திறந்து சரிசெய்வது இன்னொரு வழி. அங்கேதான் முகத்தை அசைக்கிற நரம்பு ஓடுகிறது. அதற்கு ஏதாவது ஆனால் கண் முழுதாக மூடாது, உதடு ஒரு பக்கம் தொங்கும். எல்லாருக்கும் ஆவதில்லை, ஆனால் ஆகக்கூடும். மூன்றாவதுதான் எண்டோஸ்கோப்பி. வாய்க்குள்ளேயே, கடைவாய்க்குப் பின்னால் சின்னதாகக் கீறி, மெல்லிய கேமராக் குழாயை எலும்பை ஒட்டி மேலே செலுத்தி, திரையில் பார்த்துக்கொண்டே முறிவைச் சேர்த்துத் தகடு வைப்பது. திருகாணி முடுக்குவதற்குக் கன்னத்தில் பொட்டளவு ஒரு துளை மட்டும் போடவேண்டியிருக்கும். "நேரம் கூட ஆகும். உள்ள போய்ப் பாத்து சரியா வரலன்னா வெளிய திறக்க வேண்டி வரலாம். அதுக்கும் நீங்க சம்மதிக்கணும்" என்று சுபாவைப் பார்த்துத்தான் சொன்னார். சுபா பல்லிடுக்கு வழியாக, "பிளஸ் டூ எடுக்கறேன் டாக்டர். வாயக் கட்டிட்டா பசங்க என்ன பண்ணுவாங்க? கேமரா வெச்சே பண்ணுங்க" என்றாள். அந்த நிலையிலும் அவளுக்கு வேதியியல் பாடம்.

அப்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். அறைக்குள் வந்ததிலிருந்து நீ கேட்ட முதல் உண்மையான கேள்வி அதுதான். வலிக்குமா என்று கேட்கவில்லை. பழையபடி சாப்பிட முடியுமா என்று கேட்கவில்லை. "அப்போ வெளியே தெரியாதுல்ல?" என்று கேட்டாய். உன் தோள் கொஞ்சம் இறங்கியது. பெருமூச்சு விட்டாய். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். சுபாவும் பார்த்தாள். அடித்தபோதுகூட அவள் முகம் அப்படி மாறவில்லை. அவள் உன்னை விட்டது நீ குத்தியபோது இல்லை, தினேஷ். அந்தப் பெருமூச்சில்தான் விட்டாள். நானும் அங்கேதான் விட்டேன்.

வீக்கம் கொஞ்சம் வடிந்த பிறகு ஆபரேஷன் செய்தார்கள். சுபாவின் அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்னால் முடிந்தது அவருக்கு ஒரு காபி வாங்கி வைத்தது. அவர் அதைத் தொடவில்லை. எல்லாம் முடிந்ததும் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, உள்ளே எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். உன்னையும் கூப்பிட்டார். ரத்தம் பார்த்தால் உனக்கு மயக்கம் வரும் என்றாய். உன் கையால் நடந்ததைப் பார்க்க உனக்குத் தெம்பில்லை. நான் பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக ஒரு இடுக்கு. அதன் அடியில் வெள்ளையாக எலும்பு. ஓரிடத்தில் அது உடைந்து, மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. உடைந்த பீங்கானின் விளிம்பு மாதிரி சொரசொரப்பாக இருந்தது. யாரோ கீழ்த்தாடையை இழுத்துப் பிடிக்க, கொக்கி மாதிரி ஒன்று உள்ளே வந்து அந்தத் துண்டை மெல்லத் தள்ளியது. வழுக்கியது. மறுபடி தள்ளியது, மறுபடி வழுக்கியது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எனக்குத்தான் பல் கூசியது. கடைசியில் இரண்டு விளிம்பும் பொருந்தி உட்கார்ந்தன. ஒரு குட்டித் தகடு வந்தது, என் சுண்டுவிரல் நகத்தைவிட ஒல்லி. திருகாணி ஒவ்வொன்றாக இறங்கியது. பிறகு இன்னொரு தகடு. "பல்லு நல்லா சேருது சார்" என்று அவள் அப்பாவிடம் சொன்னார் டாக்டர். அந்த மனிதர் அப்போதுதான் அழுதார். படம் ஓடிக்கொண்டிருந்தபோது அல்ல. பல் சேருகிறது என்று கேட்டபோது.

அந்த டாக்டர் கண் நோகத் திரையைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு சின்ன வழியில் வேலை செய்தது எதற்காக? காலையில் முகம் கழுவும்போதெல்லாம் அந்தப் பெண் கண்ணாடியில் உன் கையைப் பார்க்க வேண்டாம் என்பதற்காக. அவர் அவளுக்குச் செய்ததை எடுத்து நீ உனக்குச் சாட்சியாக நிறுத்துகிறாய். முகத்தில் ஒன்றும் இல்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்கிறாய். நீ பிளஸ் ஒன் படிக்கும்போது சோமசுந்தரம் மைதானத்தில் பந்து பிடிக்கப் போய் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாய். மாவுக்கட்டு போட்டார்கள். கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கையைத் தூக்கிக் காட்டினாய். உன் சிநேகிதர்கள் அதில் பேனாவால் கிறுக்கினார்கள், படம் போட்டார்கள். அறுத்து எடுத்த பிறகும் அந்த மாவுக்கட்டைத் தூக்கிப் போட விடாமல் அலமாரி மேல் வைத்திருந்தாய். இன்றைக்கு உன் மணிக்கட்டைத் திருப்பிப் பார். ஒரு கோடு இருக்கிறதா? உன் கை உடையவே இல்லை, நீ பொய் சொல்லி லீவு போட்டாய் என்று யாராவது சொன்னார்களா? ஆம்பளைப் பிள்ளையின் முறிவுக்கு ஊரே கையெழுத்துப் போடுகிறது. அவளுடைய முறிவுக்குப் போட்டோவில் ஆதாரம் தேடுகிறீர்கள்.

ஆதாரம் வேண்டுமென்றால் நான் சொல்கிறேன். அவள் இப்போது தன் அப்பாவோடு திருவான்மியூரில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு பல்லில் ரப்பர் மாட்டியிருந்தார்கள். வெகுநாள் வரை மென்று தின்கிற எதுவும் கூடாது. நான் கஞ்சியும் பருப்புத் தண்ணியும் எடுத்துக்கொண்டு போவேன். வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக வேண்டும் என்று ஐஸ்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நான் போன ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று அதைச் செய்துகொண்டிருந்தாள். திறக்கத் திறக்க தாடை வலது பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. கையால் பிடித்து நேராக்கினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான் பார்ப்பதைக் கவனித்ததும் குச்சிகளை எடுத்துவிட்டு, "நீங்க கஞ்சி கொண்டு வர்றதால நான் கேஸ வாபஸ் வாங்கிருவேன்னு நெனைக்காதீங்க அத்தை" என்றாள்.

"நீ வாபஸ் வாங்குனா நாளையிலருந்து கஞ்சி வராது" என்றேன். 

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கஞ்சியில் உப்பு பற்றாது என்றாள். அவள் அவள்தான்.

இப்போது நன்றாகப் பேசுகிறாள், சாப்பிடுகிறாள், வகுப்பு எடுக்கிறாள். தாடை நேராகத் திறக்கிறது. அந்த டாக்டரின் வேலை சுத்தம். ஆனால் கொட்டாவி வந்தால் இன்றும் உள்ளங்கையால் தாடையைக் கீழிருந்து தாங்கிக்கொள்கிறாள். பக்கத்தில் யாராவது சட்டென்று கையைத் தூக்கினால், அது பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கத் தூக்கின கையாக இருந்தாலும், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சிரிப்பு வந்தால் முதலில் சுற்றிலும் ஒரு தடவை பார்க்கிறாள். தகடு எலும்பை மட்டும்தான் பிடித்து வைத்திருக்கிறது.

இனி நித்யா கல்யாணம். கேஸ் நடந்தால் சின்னவள் வாழ்க்கை போய்விடும் என்று உன் மாமா ஆள் விட்டுச் சொன்னார். நீயும் கொட்டிவாக்கத்தில் உன் சிநேகிதன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதையேதான் போனில் சொன்னாய். நான் நித்யாவைக் கூட்டிக்கொண்டு மந்தைவெளிக்குப் போனேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். எதையும் மூடவில்லை. கல்யாணம் நிற்கலாம் என்று எனக்குத் தெரியும். சொல்லி முடித்ததும் சம்பந்தியம்மா, "அன்னிக்கு அந்தக் கதைக்கு நான்தாங்க சத்தமா சிரிச்சேன்" என்றார். பிறகு, "உங்க பையன் கல்யாணத்துக்கு வருவாரா?" என்று கேட்டார்.

"வர மாட்டான்."

"அப்ப எங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க எங்களுக்குப் பொண்ணத்தான குடுக்கறீங்க."

அதோடு முடிந்தது என்று நான் எழுந்தேன். நித்யா எழவில்லை. எல்லார் முன்னாலும் மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்களுக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அந்தப் பையன் திகைத்துப்போய், மொட்டை மாடிக்குப் போய்விடுவேன் என்றான். "பொய் சொல்லாதடா. கதவ டமார்னு சாத்துவான்மா" என்றார் அவன் அம்மா. நித்யா, "கதவயும் சாத்தக் கூடாது" என்றாள். அவன் தலையாட்டினான். நான் வளர்த்த இரண்டு பேரில் ஒருத்திக்காவது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

நீ இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று நான் யோசித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். உன் அப்பா உயிரோடு இருந்தவரை என் மேல் ஒரு விரல் ஓங்கியதில்லை. நானும் உன்னை அடித்து வளர்க்கவில்லை. ஆகவே காரணம் தேடிக்கொண்டு என் வீட்டுப் பரணைக் குடையாதே. உனக்குத் தோன்றியது, செய்தாய். செய்யாமல் இருந்திருக்கலாம். கடையில் ஒருத்தி இருபது ரகத்தைக் கலைத்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போனாலும் உன் கை மடங்குவதில்லை. அங்கே அடக்கத் தெரிந்த கைதானே அது? உன் வக்கீல் எழுதிய தாளில் 'தாடை உடைந்துவிட்டது' என்று இருக்கிறது. தானாக உடைய அது என்ன பழைய ஓடா? 'உடைத்தேன்' என்று சொல்லிப் பழகு. நீதிபதி முன்னால் சொல்வது அப்புறம் இருக்கட்டும். முதலில் தனியாக, உன் வாயால், உன் காதுக்குக் கேட்கும்படி சொல்லிப் பார். அது வராத வரைக்கும் என்னை அம்மா என்று கூப்பிட்டுப் போன் செய்யாதே. உன் பெயர் திரையில் வந்தால் நான் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். இனியும் வைப்பேன்.

மணமேடையில் நித்யாவின் கையில் பொரி இட வேண்டியது அண்ணன். அந்த இடத்தில் சுபாவை நிறுத்தலாம் என்று எனக்கு ஒரு ஆசை வந்து அவளிடமே கேட்டேன். "எனக்கு உங்க வீட்டுல எந்த இடமும் வேண்டாம் அத்தை. நித்யாவுக்காக வந்து சாப்பிட்டுட்டுப் போறேன்" என்றாள். அவள் சொன்னது சரி. பெரிய மனசு காட்டி நம் குடும்பத்தின் மானத்தை மூடிக்கொடுப்பது அவள் வேலை இல்லை. பொரியை நான் இடுகிறேன். ஐயர் ஏதாவது சொன்னால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று மயிலாப்பூரில் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வரப் போயிருந்தேன். வாசலில் நிற்கிற காவலாளியைக் கூப்பிட்டு, போனில் இருந்த உன் முகத்தைக் காட்டி, கல்யாணத்தன்று இவன் வந்தால் எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் போனை வாங்கி வெயிலுக்கு மறைத்துப் பிடித்துப் பார்த்தார்.

"யாரும்மா இது? உன் ஜாடையாவே கீது."

"என் புள்ள."

"அட, பொண்ணுக்கு அண்ணனா? அப்போ நேரா உள்ள இட்டாந்து வுட்டுர்றேன்."

"உள்ள வுடாதீங்க. கேட்டுக்கு வெளியவே நிறுத்துங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. "நான் பொண்ணுக்கு அண்ணன்னு சண்ட போட்டா?" என்று மட்டும் கேட்டார்.

"பெத்தவதான் சொன்னான்னு சொல்லுங்க."